கார்டில் மூத்த கருத்தக்கண்ணன்

உசிலம்பட்டி மாட்டுச் சந்தையில் நாற்பது வருஷமாகத் தரகு பார்க்கிறவன் கருத்தக்கண்ணன். ஒரு மாட்டின் வாயைத் திறந்து கீழ்வரிசைப் பல்லை ஒருமுறை பார்த்தால் போதும், அதன் வயதைச் சொல்லிவிடுவான். விற்கிறவன் மாட்டைப் பற்றி என்ன சொன்னாலும் காதில் வாங்க மாட்டான். "நீ சும்மாயிரு, அது சொல்லும்" என்பான். அப்படிப்பட்டவன் தன் வயதை மட்டும் ஆறு வருஷம் கூட்டிச் சொல்லிவிட்டு, அதனால் தன் ஆயுசில் பத்து வருஷத்தைக் கோட்டை விடப் பார்த்தான். அதைப் பிடித்தது நான். காசிமாயன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் இரண்டு வருஷம் இருந்தேன். பதினாலு வயதில் திருமங்கலத்தில் கைபோர் போடுகிற ஆட்களோடு குழாய் தூக்கப் போனவன், இன்றைக்கு இரண்டு போர்வெல் லாரிக்குச் சொந்தக்காரன். மதுரை ஆனையூரில் மூன்று மாடி வீடு, யார் தயவும் இல்லாமல் கட்டியது. எழுத்துதான் எனக்குத் தகராறு. எண்ணில் ஒருவனும் என்னை ஏமாற்ற முடியாது. இந்தக் கதையில் அது முக்கியம்.

கருத்தக்கண்ணன் எனக்குப் பங்காளி. என்னைவிட ஐந்து வயது சின்னவன். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவன் நான். ஆனால் பன்னிரண்டு வருஷமாக அவனை நான்தான் "அண்ணே" என்று கூப்பிட்டு வந்தேன். அதற்கும் காரணம் நான்தான்.

எங்கள் குலசாமி கோவிலில் மாசிச் சிவராத்திரிக்கு வகையறாவில் மூத்தவனுக்குத்தான் முதல் திருநீறு. பெரியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு யார் மூத்தவன் என்று வருஷா வருஷம் சண்டை. சாமி காத்துக்கொண்டு நிற்கும், இவர்கள் பிறந்த வருஷம் பேசிக்கொண்டிருப்பார்கள். வகையறாக் கூட்டத்தில் நான் எழுந்து, "இனிமே ஆதார் கார்டுல உள்ளதுதான் வயசு. வேற பேச்சே கிடையாது" என்றேன். நல்ல யோசனை என்று எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது பாதிப் பேருக்குக் கார்டே வரவில்லை. ஊரில் முகாம் போட்டபோது நான் முன்னால் நின்றேன், கருத்தக்கண்ணன் பின்னால் நின்றான். நான் பிறந்த வருஷத்தைச் சொன்னேன். அடுத்து அவன், காதில் விழுந்த அந்த வருஷத்தில் ஒன்றைக் குறைத்துத் தன் வருஷமாகச் சொன்னான். அம்புட்டுத்தான். கார்டு வந்தபோது என்னைவிட ஒரு வயது மூத்தவனாகிவிட்டான்.

கேட்டதற்கு, "கார்டுல உள்ளதுதான் வயசுன்னு யாரோ சொன்னாகளே" என்றான்.

அந்தச் சிவராத்திரிக்கு முதல் திருநீறு அவனுக்கு. அதோடு விட்டானா? இருபத்தைந்து வருஷமாக என்னைப் பெரிய மச்சான் என்று கூப்பிட்ட தன் பெண்டாட்டி செல்லத்தாயிடம், இனிமேல் கொழுந்தன் என்றுதான் கூப்பிட வேண்டும் என்றான். அவள் விவரமானவள். இரண்டையும் விட்டுவிட்டு என்னை "ஆனையூர்க்காரரே" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கருத்தக்கண்ணனுக்கு இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. இடது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது என்றான். சந்தையில் ஒரு சுற்று வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தான். நான்தான் காரில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்தேன். ரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், கடைசியில் சாருலதா என்கிற ரத்த நோய் டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். மதுரைப் பிள்ளை. வயது நாற்பதுக்குள் இருக்கும். சிரிக்காமல் கேலி பேசுகிற ஆள்.

இடுப்பு எலும்புக்குள் ஊசி விட்டு மஜ்ஜையை உறிஞ்சிப் பார்க்க வேண்டும் என்றார். திரைக்கு அந்தப் பக்கம் கருத்தக்கண்ணன் கவிழ்ந்து படுத்திருந்தான். இந்தப் பக்கம் நான். கொஞ்ச நேரம் கழித்து, "இழுத்தா ஒன்னுமே வரலை" என்று டாக்டரம்மா நர்சிடம் சொன்னது காதில் விழுந்தது.

எனக்கு ஐம்பது வருஷத் தொழில். சும்மா நிற்க முடியுமா? "எம்புட்டு ஆழம் இறக்கினீங்க?" என்று திரைக்கு வெளியே இருந்து கேட்டேன்.

"யாரு அது?"

"போர்வெல்காரன்மா. தண்ணி வராம புகை பறந்தா, இடத்தை மாத்திப் போடணும்."

"இடத்தை மாத்தினாலும் இங்க புகைதான் ஐயா. மஜ்ஜை தழும்பாகி இறுகிப்போயிருக்கு. அதான் வரலை. சின்னதா ஒரு எலும்புத் துண்டு எடுத்துப் பாத்துருவோம்."

கவிழ்ந்து கிடந்தவன் முனகினான். "டாக்டரம்மா, மொதல்ல அந்தாளை வெளிய அனுப்புங்க. இவரு போட்ட போருல பாதி புகைதான்."

பொய். நூற்றுக்குப் பத்துகூட வராது.

முடிவு வந்த அன்று கருத்தக்கண்ணன், செல்லத்தாய், நான் மூன்று பேரும் டாக்டரம்மாவின் எதிரில் உட்கார்ந்தோம். நாம் ரத்தம் என்று சொல்வது எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில் ஊறுகிறதாம். அந்த மஜ்ஜை கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகி வருகிறது. அதனால் ரத்தம் குறைகிறது. அந்த வேலையை மண்ணீரல் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யப் போய் வீங்கிவிட்டது. விலாவுக்குக் கீழே கல் மாதிரி இருப்பது அதுதான். இன்று வந்து நாளை போகிற நோய் இல்லை, கூடவே இருக்கும் என்றார். நான் தலையாட்டினேன். ஊற்று அடைத்துக்கொண்ட கிணறு, பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் பொங்குகிறது. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

"எம்புட்டு நாளுக்கு ஓடும்?" கருத்தக்கண்ணன் நேராகக் கேட்டான். மாட்டைப் பற்றிக் கேட்கிற அதே குரல்.

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்தார். அஞ்சு விஷயத்தை வைத்து மார்க் போடுவார்களாம், மார்க் கூடினால் ஆயுசு குறைவாம். பெயிலாகிறவன் ஜெயிக்கிற பரீட்சையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு வைத்திருக்கலாம்.

"வயசு அறுபத்தஞ்சைத் தாண்டியிருக்கா, அதுக்கு ஒரு மார்க். உங்க சீட்டுல அறுபத்தொம்பது. ரத்த அளவு பத்துக்குக் கீழ போனா ரெண்டு. உங்களுக்கு ஒம்பது புள்ளி ஒன்னு. வெள்ளை அணு ரொம்ப ஏறல, அதுக்கு இல்ல. ரத்தத்துல முதிராத செல் எதுவும் தென்படல, அதுக்கும் இல்ல. கடைசியா நீங்கதான் சொல்லணும். காய்ச்சல் வருதா, ராத்திரியில உடம்பு நனையுற மாதிரி வேர்க்குதா, எடை குறைஞ்சிருக்கா?"

"அதெல்லாம் ஒன்னும் இல்ல டாக்டரம்மா. கல்லு மாதிரி இருக்கேன்."

செல்லத்தாய் வாயைத் திறந்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் மூடிக்கொண்டாள். அதை நான் கவனித்தேன், ஆனால் அர்த்தம் அப்போது பிடிபடவில்லை.

"அப்ப மொத்தம் மூணு. ரெண்டு வரைக்கும் ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துல பாதிப் பேரு பதினாலு வருஷம் தாண்டி இருந்திருக்காங்க. மூணும் நாலும் அடுத்த கூட்டம். அதுல பாதிப் பேரு நாலு வருஷம்" என்றார். மேற்கொண்டும் ஏதோ விளக்கினார். கருத்தக்கண்ணன் காதில் நாலுக்குப் பிறகு எதுவும் விழவில்லை.

அதற்குப் பிறகு அவன் சந்தைக்குப் போகவில்லை. மறு தேதிக்கு ஆஸ்பத்திரிக்கும் வர மறுத்துவிட்டான். போனில் கூப்பிட்டால், "நாலுன்னு எழுதியாச்சுல. இனிமே அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சு என்ன ஆகப்போகுது" என்றான். தொழுவத்தில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு, மாடுகளுக்குத் தான் இல்லாத காலத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கிறான் என்று செல்லத்தாய் சொன்னாள். சிரித்தபடிதான் சொன்னாள்.

டாக்டரம்மா மார்க் எழுதிய தாள் என் சட்டைப்பையிலேயே தங்கிப்போயிருந்தது. சட்டையைத் துவைக்கப் போடுகையில் எடுத்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கோழி கிளறிய மாதிரி இருந்தது. எண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. 69, அதற்கு நேரே 1. லாரி மீட்டரில் ஒரு அடி கூடினாலே கண்டுபிடிக்கிறவன் நான். அந்த 69 யாருடைய எண்? அவன் முகாமில் என் முதுகுக்குப் பின்னால் நின்று திருடிய எண்.

அறுபத்துமூன்று என்று போட்டால் அந்த மார்க் இல்லை. மூன்று இரண்டாகிறது. நாலு பதினாலாகிறது. அன்றைக்கே வண்டியை எடுத்து உசிலம்பட்டிக்கு விட்டேன்.

தொழுவத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தான். "கருத்தக்கண்ணா, எந்திரி" என்றேன்.

"அண்ணேன்னு கூப்பிடு."

"அண்ணன் மசுரு. உன் நெசமான வயசைச் சொல்லுடா. டாக்டரம்மா கணக்குல உன் வயசுக்கு ஒரு மார்க் ஏறியிருக்கு. அறுபத்திமூணுன்னு சொன்னா அது போயிரும். பதினாலு வருசம்டா."

எழுந்து உட்கார்ந்தான். கண்ணில் சந்தைக் களை வந்தது. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். "சரி. டாக்டரம்மா காதுல மட்டும் போட்டு வைப்போம். கார்டு அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அதெப்படி? ஆஸ்பத்திரிக்குள்ள தம்பி, கோவிலுக்குள்ள அண்ணனா? சொன்னா எல்லா இடத்துலயும் சொல்லு."

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கையை மூடிக்கொண்டு என் பக்கம் நீட்டினான். சந்தையில் அப்படித்தான் விலை பேசுவார்கள், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து, பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாமல். பழக்கத்தில் நானும் கையைக் கொடுத்துவிட்டேன். உள்ளே ஆறு, பிறகு ஐந்து என்று விரலை அழுத்தினான்.

"அறுபத்தஞ்சா?"

"தாண்டினாத்தான மார்க்கு. அறுபத்தஞ்சுல முடிச்சுக்குவோம். உனக்கும் ரொம்பச் சின்னவனா இருக்க மாட்டேன்."

"நான் உன்னை இடுப்புல தூக்கினவன்டா. எனக்குத் தெரியாதா உன் வயசு?"

"தூக்கினதுக்கு ரசீது இருக்கா?"

இந்தப் பேச்சையெல்லாம் தீவனத் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்லத்தாய் வந்தாள். எங்கள் இரண்டு பேர் கையிலிருந்தும் துண்டை உருவி எடுத்தாள். "இந்தாங்க, எனக்கு அந்தப் பதினாலு வேணும். ஒங்க திருநீத்தை யாரு வேணும்னாலும் பூசிக்கிரட்டும். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி. அறுபத்திமூணுன்னு சொல்றீக" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நாலு வருஷம் மூத்தவனாக இருப்பதா, பதினாலு வருஷம் இளையவனாக இருப்பதா என்று உண்மையாகவே யோசித்தான். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. சந்தையில் எல்லோரும் சாமிக்கு முதல் ஆள் என்று அவனுக்கு வழி விட்டார்கள். பன்னிரண்டு வருஷம் அப்படி நடந்தவனுக்கு அது சும்மா இல்லை.

"சரி, வாரேன்" என்றான் கடைசியில்.

மறுநாள் டாக்டரம்மாவின் அறையில் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு அறுபத்திமூணு தாயி" என்றான். நான் முகாம் கதை முழுவதையும் சொன்னேன். கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சிரிக்காதவர் சிரித்தார்.

"அப்ப வயசுக்கு மார்க் இல்ல. ரெண்டு" என்று அடித்து எழுதினார்.

நான் நாற்காலியில் சாய்ந்தேன். "மூணாம் வகுப்புதான் டாக்டரம்மா படிச்சது. எம்புட்டு பெரிய படிப்புக்காரங்க பாத்த சீட்டு. யாரு கண்ணுக்குப் பட்டுச்சு பாத்தீங்களா?"

"உங்க கண்ணுக்குத்தான் ஐயா" என்றார்.

அப்போதுதான் செல்லத்தாய் எழுந்தாள். புருஷனின் வலது கையைப் பிடித்துத் தூக்கி, அதில் கிடந்த வெள்ளிக் காப்பை ஒரே இழுப்பில் கழற்றி மேசைமேல் வைத்தாள். நான் அதிர்ந்துபோனேன். அவனுக்கு இருபது வயதில் போட்ட காப்பு. சோப்புப் போட்டாலும் கழறாது என்று பெருமை பேசுவான். இப்போது அதன் உள்பக்கம் நூலைச் சுற்றிச் சுற்றித் தடிமனாக்கியிருந்தான், விழாமல் நிற்பதற்காக.

"ஆறு மாசமா நூல் சுத்துறாக" என்றாள். "மார்கழிக் குளிர்லகூட விடிஞ்சு பாத்தா போர்வை நனைஞ்சு கிடக்கு. தெனமும் நான்தான் காயப்போடுறேன். சொன்னா மார்க் ஏறும்னு எனக்கும் தெரியும். ஆனா ஒரு பொய்யை எடுக்க வந்த எடத்துல இன்னொன்னை வச்சுட்டுப் போகணுமான்னு இருக்கு."

டாக்டரம்மா கருத்தக்கண்ணனைப் பார்த்தார். "நான் கேட்டேனே ஐயா. ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டது மாடு வாங்க வந்தவுக கேக்குற மாதிரியே இருந்துச்சு டாக்டரம்மா. காய்ச்சல் உண்டா, எளைச்சிருக்கா, தீனி எடுக்குதான்னு. நாப்பது வருசமா அதுக்கு ஒரே பதில்தான். வாய் தன்னால சொல்லிருச்சு."

டாக்டரம்மா அவன் எடையைப் போட்டுப் பார்த்தார். பழைய சீட்டோடு ஒப்பிட்டார். மறுபடியும் அந்தத் தாளில் அடித்தார். மூன்று.

வந்த வேகத்தில் பதினாலு போய் நாலு திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. செல்லத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "நானே கெடுத்துட்டேனா" என்றாள்.

"கெடுக்கலம்மா" என்றார் டாக்டரம்மா. "அன்னைக்கும் மூணு, இன்னைக்கும் மூணு. ஆனா ரெண்டும் ஒன்னு இல்ல. அன்னைக்கு மூணாவது மார்க் வயசுக்கு. வயசுக்கு என்கிட்ட மருந்து கிடையாது. இன்னைக்கு மூணாவது மார்க் வேர்வைக்கும் எளைப்புக்கும். அதுக்கு மாத்திரை இருக்கு. வீங்கின மண்ணீரலையும் அது சுருக்கும். நோயை வேரோட எடுக்காது. ஆனா மனுஷனைச் சாப்பிட வைக்கும், நடக்க வைக்கும். ஒன்னும் இல்லேன்னு இவரு சொன்னதால இத்தனை நாள் அதை ஆரம்பிக்காமப் பொறுத்திருந்தேன்."

பிறகு அன்றைக்கு அவன் காதில் விழாமல் போனதைத் திரும்பச் சொன்னார். நாலு வருஷம் என்றால் நாலாவது வருஷம் முடிகிற தேதியில் எமன் வந்து நிற்பான் என்று அர்த்தமில்லை. நூறு பேரில் ஐம்பது பேர் அதையும் தாண்டினார்கள். அதுவும் இந்த மாத்திரை புழக்கத்துக்கு வராத காலத்தில் எடுத்த கணக்கு.

கருத்தக்கண்ணன் முன்னால் சாய்ந்தான். "அப்ப அந்த நூறு மாட்டுல நான் எந்த மாடுன்னு ஒங்களுக்கே தெரியாது."

"தெரியாது ஐயா."

"அப்பச் சரி. தெரியாத மாட்டைப் பத்திப் பேசத்தான நான் இருக்கேன்" என்றபடி காப்பை எடுத்து மாட்டிக்கொண்டான்.

மாத்திரை ஆரம்பித்தார்கள். எல்லாம் சுகமாகப் போகவில்லை. நடுவில் ரத்தம் இன்னும் குறைந்து இரண்டு தடவை ஏற்ற வேண்டியிருந்தது. என் லாரிப் பையன்கள் வரிசையில் நின்று கொடுத்தார்கள். வடக்கத்திப் பையன்கள் ரத்தம் ஏறியதிலிருந்து தனக்கு இந்தி புரிகிறது என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கருத்தக்கண்ணன் சொன்னான். நாலாவது மாதம் போர்வை காய்ந்தபடி இருந்தது. தொப்புள் வரைக்கும் வந்திருந்த மண்ணீரல் நாலு விரல் மேலே ஏறிவிட்டது. ஒரு நாள் ஆனையூர் வீட்டில் ஆறு இட்லி சாப்பிட்டான். நான் எண்ணினேன்.

அந்த மாசிச் சிவராத்திரிக்கு வகையறா முழுவதும் கூடியிருந்தது. பூசாரி வழக்கம்போலத் தட்டோடு நேராக அவனிடம் போனார். அவன் என்ன செய்யப்போகிறான் என்று எனக்கே தெரியவில்லை. கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு, "இங்க இல்ல சாமி. அங்கிட்டுப் போங்க, அவரு மூத்தவரு" என்று என்னைக் காட்டினான்.

கூட்டத்தில் சலசலப்பு. கார்டில் நீதானே மூத்தவன் என்று ஒருவர் கேட்டார்.

"டாக்டரம்மா ஆறு வயசைக் குறைச்சுட்டாக. அம்புட்டு வீரியமான மாத்திரை" என்றான்.

பன்னிரண்டு வருஷம் காத்திருந்த திருநீறு. நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன். யாராவது படம் எடுக்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டேன். அடுத்ததாக அவன் வந்து நின்று, "அண்ணே, பூசியாச்சுல்ல, தள்ளி நில்லுங்க. சாமியை மறைக்கிறீக" என்றான். பின்னாலிருந்து செல்லத்தாய், "பெரிய மச்சானை ஒன்னும் சொல்லாதீக, இன்னைக்குத்தான அவுகளுக்குக் கிடைச்சிருக்கு" என்றாள். பெரிய மச்சான். அதைக் கேட்டதும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். திருநீற்றுத் தூள்தான்.

இப்போது சந்தைக்கு மறுபடியும் போகிறான். முழு நாள் இல்லை, மத்தியானம் வரைக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆனையூரில் வந்து தங்கி, டாக்டரம்மாவைப் பார்க்கிறோம். அவன் உண்மையாகவே அறுபத்தாறைத் தொடும்போது வயதுக்கான மார்க் எப்படியும் ஏறத்தான் செய்யும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நாலானாலும் அதே கூட்டம்தான், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். என் வாழ்நாளில் ஒருவனுக்கு மார்க் கிடைக்க வேண்டும் என்று நான் சாமி கும்பிடுவது இதுதான் முதல் தடவை. அதுவும் அவனாக வாங்குகிற மார்க், என் முதுகுக்குப் பின்னால் நின்று எடுத்தது அல்ல. அந்த மார்க் ஏறுகிற அன்றைக்கு என் வீட்டு மூன்றாவது மாடியில் கிடா விருந்து. வகையறாவுக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.

போன வாரம் காரில் வருகிறபோது சும்மா சீண்டிப் பார்த்தேன். "தம்பி, இப்ப உனக்கு வயசு என்ன?"

"அறுபத்தஞ்சு."

"அறுபத்துநாலுடா. மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே காப்பை ஒரு சுற்று சுற்றினான். நூல் இல்லாமலே நின்றது. "ஒரு வருசம்தான்ணே. அந்த அறுபத்தாறைக் கொஞ்சம் கிட்டத்துல வச்சுப் பாக்கலாம்னு" என்றான்.

இந்த ஒரு தடவை நான் திருத்தவில்லை.